உங்கள் தெருவுக்கான திட்டத்தை நீங்களே வகுப்பது எப்படி?

இருட்டியபின் அந்தச் சந்து வழியாக யாரும் போவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் இறங்கும் பெண்கள் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்கிறார்கள். மழை பெய்தால் முதியவர்கள் இரண்டு நாள் வாசலைத் தாண்டுவதில்லை. எந்தக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஓர் இடம் இருக்கும். அங்கே வசிக்கும் எல்லோருக்கும் அது தெரியும். கோப்பில் கையெழுத்திடுபவருக்குத்தான் தெரியாது.

அந்த இடத்தைப் பற்றி மனு கொடுப்பது ஒரு வழி. பலரும் அதோடு நின்றுவிடுகிறோம். "விளக்கு எரியவில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். குடியிருப்பவர்களே கூடித் திட்டம் வகுத்து, உள்ளாட்சி அமைப்பின் நிதியைப் பெற்று, வேலையையும் உடனிருந்து முடிப்பது இன்னொரு வழி. முதல் முறையாக அந்த வழியில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே, வேலை முடிந்தபின் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரை எழுதிவிடுங்கள். மற்ற படிகளில் சறுக்கினால் திருத்திக்கொள்ளலாம். இதில் சறுக்கினால், இரண்டு வருட உழைப்பு அடுத்த கோடையிலேயே காய்ந்துவிடும்.

நிதி எந்த வடிவில் வருகிறது என்று விசாரியுங்கள்

முதலாவது, பங்களிப்பு நிதி. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு ஒரு பங்கு போடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1980களின் இறுதியிலிருந்து இப்படி ஒரு நிதியை நடத்தி வருகிறது. அங்கே மக்களின் பங்கு ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உடலுழைப்பு, நன்கொடையாக வந்த பொருள், ஒரு பொறியாளர் கட்டணம் வாங்காமல் போட்டுக் கொடுத்த வரைபடம், எல்லாமே கணக்கில் சேரும். அந்நகரின் ஃப்ரீமான்ட் பகுதியில் பாலத்தின் அடியில் ஒரு மூலை குப்பைமேடாகக் கிடந்தது. 1990இல் அங்கே 18 அடி உயரத்தில் ஒரு பூதத்தின் கான்கிரீட் சிலை எழுந்தது. அதன் பிடியில் உண்மையான கார் ஒன்று நசுங்கிக்கிடக்கும். அப்பகுதிக் கலைக் குழு முன்நின்று, இந்த நிதியின் உதவியோடு செய்த வேலை அது. ஒரு காலத்தில் ஆட்கள் ஒதுங்கிப்போன மூலையை இன்று வெளியூர்க்காரர்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டின் 'நமக்கு நாமே' திட்டமும் மக்கள் பங்களிப்பை அடிப்படையாகக் கொண்டதுதான்.

இரண்டாவது, பங்கேற்பு பட்ஜெட். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் இதைத் தொடங்கி வைத்தது. நகரத்தின் முதலீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று பகுதிவாரியாகக் கூடி மக்களே வரிசைப்படுத்தினார்கள். வசதி குறைந்த பகுதிகளுக்கு அதிக மதிப்பெண் கொடுக்கும் முறையும் அங்கே வகுக்கப்பட்டது. நியூயார்க் 2011இலும் பாரிஸ் 2014இலும் இந்த முறைக்கு வந்தன. பாரிஸில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. அங்கே வசித்தால் போதும்.

மூன்றாவது, வார்டு உறுப்பினரின் கையில் இருக்கும் நிதி. சிகாகோவின் 49ஆவது வார்டு உறுப்பினர் 2009இல், தமக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 13 லட்சம் டாலரை எப்படிச் செலவிடுவது என்ற முடிவை வார்டு மக்களின் வாக்குக்கே விட்டார். எல்லா உறுப்பினரும் அப்படி விடமாட்டார்கள். ஆனால் தயாராக ஒரு திட்டத்தோடு போகும் குழுவுக்கு அவர்கள் காதுகொடுப்பார்கள். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டிய கவலை அவர்களுக்கும் உண்டு.

இந்த மூன்றில் உங்கள் உள்ளாட்சியில் எது நடைமுறையில் இருக்கிறது, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, மக்களின் பங்கு எத்தனை சதவீதம், பணம் முன்கூட்டியே வருமா அல்லது வேலை முடிந்து பில் கொடுத்தபின் வருமா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்த குழுக்கள் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள்

திட்டத்தின் முதல் வேலை நடப்பது. உங்கள் பகுதியின் வரைபடத்தைக் கையால் வரைந்தாலும் போதும். அதை எடுத்துக்கொண்டு மூன்று வேளைகளில் நடந்து பாருங்கள்: பகலில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்குமேல் ஒரு தடவை, மழை ஓய்ந்த அரை மணிக்குள் ஒரு தடவை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்பதை அந்த அரை மணி நேரம் காட்டுவதுபோல் எந்த நிபுணரின் அறிக்கையும் காட்டாது.

தனியாக நடக்காதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், பத்து வயதுச் சிறுவன், கைத்தடி ஊன்றும் பெரியவர் ஆகியோரில் இரண்டு பேராவது உடன் வர வேண்டும். நமக்குக் கண்ணிலேயே படாத ஒரு விரற்கடை மேடு சக்கர நாற்காலியை நிறுத்திவிடும்.

நாங்கள் அப்படி நடந்த ஒரு இரவு இன்னும் நினைவிருக்கிறது. சந்தில் இரண்டு புதிய விளக்குக் கம்பங்கள் கேட்பதென்று முடிவு செய்துவிட்டுத்தான் போனோம். டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தால், கம்பம் ஏற்கெனவே இருக்கிறது, விளக்கும் எரிகிறது. மரக்கிளை ஒன்று படர்ந்து அதை முழுதாக மூடியிருக்கிறது. வெளிச்சம் அத்தனையும் இலைகளுக்கு மேலேயே நின்றுவிட்டது. கிளையை வெட்டிவிட அரை நாள் வேலை. இரண்டு கம்பத்துக்கான பணத்தை வடிகாலுக்குக் கேட்க முடிந்தது.

கண்டதையெல்லாம் படம் எடுத்து, வரைபடத்தில் குறியிட்டு, தேதி போட்டு, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அது மறுபடியும் தேவைப்படும்.

இடம் யாருடையது?

இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. காலியாகக் கிடக்கிறது என்பதால் ஒரு மனை பொது இடமாகிவிடாது. சாலை நகராட்சியுடையதாக இருக்கலாம், அதன் ஓரம் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், வாய்க்கால் வேறொரு துறையுடையதாக இருக்கலாம். அடியில் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் ஓடலாம். யாருடைய இடமோ அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாய்மொழியாகச் "செய்துகொள்ளுங்கள்" என்று சொன்ன அதிகாரி அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார்.

கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் போங்கள்

கூட்டம் போட்டால் வருகிறவர்கள் வழக்கமாக வருகிறவர்கள்தான். சொந்த வீடு வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பேசப் பழகியவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள், அந்த வழியே வேலைக்கு வந்துபோகும் பணியாளர்கள், தெருவோரம் வியாபாரம் செய்கிறவர்கள், மாலையில் அந்தத் திண்டில் உட்கார்ந்து பேசும் இளைஞர்கள், இவர்கள் யாரும் வரமாட்டார்கள். ஆனால் அந்த இடத்தை மிக அதிகமாகப் பயன்படுத்துகிறவர்கள் இவர்களே.

ஆகவே வீடுவீடாகப் போக வேண்டும். போகும்போது "இங்கே பூங்கா வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். யார் வேண்டாம் என்பார்கள்? "இந்த இடத்தைக் கடக்கும்போது எதனால் சிரமப்படுகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அந்தச் சொற்கள் பேசும் அளவுக்கு உங்கள் வாதம் பேசாது.

எத்தனை வீடுகளைச் சேர்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். கராச்சியின் ஓராங்கி குடியிருப்பில் 1980இல் அக்தர் ஹமீது கான் தொடங்கிய பணியில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அங்கே கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலையைச் சந்துவாரியாக, அதாவது சில பத்து வீடுகளை ஓர் அலகாக வைத்துத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சந்துக்கும் அங்குள்ளவர்களே ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு. பிரதானக் குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் முகம் பார்த்துக் கேட்கக்கூடிய அளவில் குழு இருந்ததுதான் அதன் பலம். எதுவரை நம் வேலை, எங்கிருந்து அரசின் வேலை என்ற கோடும் தெளிவாக இருந்தது. நீங்களும் முதலிலேயே அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள். அரசு செய்ய வேண்டிய அடிப்படைக் கடமையை மக்களின் தோளில் ஏற்றிவிட இப்படிப்பட்ட திட்டங்கள் சாக்காகிவிடக் கூடாது. அதில் எனக்குச் சமரசம் இல்லை.

எதிர்ப்பவர் ஒருவர் இருப்பார். பெஞ்சு போட்டால் தம் வாசலில் ஆட்கள் கூடுவார்கள் என்பார். அவரை வாக்கெடுப்பில் தோற்கடிக்கப் பார்க்காதீர்கள். விண்ணப்பம் போகும் முன் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். பெஞ்சைப் பத்தடி தள்ளிப் போட்டால் தீரக்கூடிய கவலையாக இருக்கலாம். தீராவிட்டாலும், முதலில் தம்மிடம் வந்து கேட்டார்கள் என்பதை அவர் மறக்கமாட்டார்.

சிறியதாகத் தொடங்குங்கள்

முதல் திட்டம் ஆறு மாதத்துக்குள் முடியக்கூடியதாக இருக்கட்டும். ஒரு சாய்தளம், ஒரு தெருமுனையின் வடிகால் மூடி, பேருந்து நிறுத்தத்தில் நிழல், பள்ளி வாசலில் சாலையைக் கடக்கும் கோடு. பெரிய பூங்காவும் சமுதாயக் கூடமும் பிறகு வரலாம். ஒன்றை முடித்துக் கணக்கையும் ஒப்படைத்த குழு என்ற பெயர் அடுத்த விண்ணப்பத்தில் பாதி வேலையைச் செய்துவிடும்.

பராமரிப்புத் தாள்

தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். இதற்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள்.

உள்ளாட்சி நிதி பெரும்பாலும் உருவாக்குவதற்குத்தான் கிடைக்கும், நடத்துவதற்குக் கிடைக்காது. நியூயார்க்கில் 2011இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட்டில் பெரும்பாலும் மூலதனச் செலவுக்கே இடம். பல ஆண்டுகள் நின்று பயன்தரும் கட்டுமானத்துக்குப் பணம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்துக்கு இல்லை. மற்ற இடங்களிலும் போக்கு இதுதான். குழாய் போட்டுத் தருவார்கள். வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவது? மரக்கன்று தருவார்கள்; யார் தண்ணீர் ஊற்றுவது?

ஒரு முறை எங்கள் குழு நாற்பது கன்றுகளை நட்டது. நட்ட அன்று நூறு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றினோம், படம் எடுத்துக்கொண்டோம். குழாய் இணைப்பு அடுத்த வாரம் வந்துவிடும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வரவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒருவர் மட்டும் தம் வாசலுக்கு நேரே இருந்த ஒன்பது கன்றுகளுக்கு நாள்தோறும் காலையில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினார். கோடை முடிந்தபோது நின்றவை அந்த ஒன்பதுதான். விண்ணப்பத்தில் நாங்கள் அவர் பெயரை எழுதவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறோம். திட்டத்தில் வரும் ஒவ்வொரு பொருளையும் ஒரு வரியாக எழுதுகிறோம். அதற்கு எதிரே என்ன வேலை, எத்தனை நாளைக்கு ஒரு முறை, யார் செய்வார், அவர் ஊருக்குப் போனால் யார், செலவு வந்தால் எங்கிருந்து என்று ஐந்து கட்டங்கள். மரக்கன்றுக்கு எதிரே குறைந்தது இரண்டு கோடைகளுக்கான பெயர்கள் இருக்க வேண்டும். வேர் ஆழமாகப் பிடிக்க அவ்வளவு காலமாவது ஆகும். கேட்டுக்குப் பூட்டு உண்டென்றால் சாவி எந்த வீட்டில் என்பது எழுதப்பட வேண்டும். "குழு பார்த்துக்கொள்ளும்" என்ற சொற்றொடரை அந்தத் தாளில் அனுமதிப்பதில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பொருளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். வலிக்கும். இரண்டு தடவை நீரூற்றை இப்படித்தான் எடுத்தோம். பார்த்துக்கொள்ள ஆளில்லாத நீரூற்று கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும்.

அரசு ஏற்க வேண்டிய பராமரிப்பை, எடுத்துக்காட்டாகத் தெருவிளக்கின் மின்கட்டணத்தை, எந்தத் துறை ஏற்கிறது என்பதையும் அதே தாளில் எழுதி, அந்த அலுவலகத்தின் கையெழுத்தைப் பெற்று விண்ணப்பத்தோடு இணையுங்கள். நிதியை முடிவு செய்பவர்கள் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

விண்ணப்பமும் கணக்கும்

பராமரிப்புத் தாள் தயாரென்றால் விண்ணப்பம் கடினமில்லை. பிரச்சினை என்ன, யாருக்கு, எத்தனை பேருக்கு, எப்படித் தீர்க்கப் போகிறோம், எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் முடியும் என்பதை எளிய நடையில் எழுதுங்கள். நடந்தபோது குறியிட்ட வரைபடத்தையும் இரவில் எடுத்த படத்தையும் சேருங்கள். உங்கள் பகுதியில் எந்த வசதி இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பல திட்டங்களில் அதற்கே மதிப்பெண் உண்டு.

மதிப்பீட்டை உள்ளாட்சிப் பொறியாளரிடம் போட்டு வாங்குவது நல்லது. அவருடைய விலைப்பட்டியலும் கடையில் நீங்கள் வாங்கிய விலைப்புள்ளியும் ஒத்துப்போகாது. எந்த விலையை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று ஒரு தொகை ஒதுக்க விதி இடம் கொடுத்தால் தயங்காமல் ஒதுக்குங்கள். தோண்டினால்தான் தெரியும் அடியில் என்ன இருக்கிறதென்று.

உழைப்பைப் பங்களிப்பாகக் காட்டுவதென்றால், வந்தவரின் பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று ஒரு நோட்டு அன்றன்றே நிரப்பப்பட வேண்டும். இருபது பேர் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் தலா நான்கு மணி நேரம் உழைத்தால் நானூறு மணி நேரம் ஆகிறது. ஒரு மணிக்கு என்ன மதிப்பு என்பதை நிதி தருகிற அலுவலகம்தான் வரையறுக்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய நோட்டைத் தணிக்கையாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. ரசீது இல்லாத செலவு செலவே இல்லை. வரவுசெலவைத் தெருமுனைப் பலகையில் மாதம் ஒரு முறை ஒட்டுங்கள். எங்கோ முணுமுணுப்பாகத் தொடங்கும் சந்தேகம் அந்தத் தாளைப் பார்த்து அடங்கிவிடும்.

வேலை நடக்கும்போது உடனிருங்கள்

வேலையை ஒப்பந்தக்காரர் செய்யலாம், குழுவே செய்யலாம். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரைத் தவிர்த்து, பயனாளிகள் குழுவே பொதுப்பணிகளை எடுத்துச் செய்யும் முறையும் அங்கே ஊக்குவிக்கப்பட்டது. அனுபவமுள்ள மேஸ்திரியும் அளவு பார்க்கத் தெரிந்தவரும் குழுவில் இருந்தால் மட்டும் அந்த வழியில் இறங்குங்கள்.

யார் செய்தாலும், பார்க்க வேண்டியதைப் பார்த்தே ஆக வேண்டும். சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம். இடமில்லை என்று சொல்லி ஆறடியில் முடிப்பார்கள்; அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது ஆளையே கவிழ்க்கும். கான்கிரீட் போட்டால் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். முழு வலிமை வர நான்கு வாரம் ஆகும். அதுவரை மேலே வண்டி ஏற விடாதீர்கள். மண்ணுக்குள் போகும் எதையும், குழாயோ கம்பியோ, மூடுவதற்கு முன் அளவுநாடாவோடு படம் எடுத்து வையுங்கள். மூடியபின் எழும் வாக்குவாதத்துக்கு அந்தப் படம்தான் சாட்சி.

ஒப்பந்தக்காரரிடம் பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். தெருவில் ஆளுக்கொன்று சொன்னால், கடைசியாகச் சொன்னவர் பேச்சுப்படி வேலை நடக்கும். அதற்கான கூடுதல் பில் உங்கள் பெயருக்கு வரும். குறை கண்டால் எழுத்தில் கொடுங்கள். குறைகள் தீர்ந்தபின்தான் பணி முடிந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தபின் யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

திறந்துவைத்த பிறகு

திறப்பு விழாவில் நிதி கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். நோட்டில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழையும் பில்களையும் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே ஒப்படைத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து, முதலில் வரைந்த அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதே ஆட்களோடு, இரவு எட்டு மணிக்குமேல் மறுபடியும் நடந்து பாருங்கள். தீர்ந்துபோன குறிகளை அடியுங்கள். புதிதாக முளைத்ததைக் குறியுங்கள். பராமரிப்புத் தாளில் வெளியூர் போய்விட்டவரின் பெயரை அடித்துவிட்டு, அன்று உங்களோடு நடந்தவர்களில் ஒருவரிடம் கேட்டு அவர் பெயரை எழுதுங்கள்.